ஆனி, ஆடித் தோட்ட வேலை: பிறை பார்ப்பதா, நோக்கு நாள் பார்ப்பதா, ஈரம் பார்ப்பதா?

ஆனி பிறந்து மேல்காற்று தென்னை மட்டைகளை முறுக்கத் தொடங்கியதும், வீட்டுத் தோட்டம் வைத்திருக்கும் உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் தவறாமல் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். விதை வாங்கியாகிவிட்டது, பாத்தியும் கொத்தியாகிவிட்டது. வளர்பிறை வரும் வரை பொறுக்க வேண்டுமா, காலண்டரில் மேல்நோக்கு நாள் என்று அச்சிட்டிருப்பதைப் பின்பற்ற வேண்டுமா, அல்லது மண் நனைந்திருக்கும் நாளில் ஊன்றிவிடலாமா? கைபேசி வழியே அறிமுகமான ஐரோப்பிய நிலாக் காலண்டர் ஒன்றும் இப்போது இந்தப் போட்டியில் சேர்ந்திருக்கிறது.

பாளையங்கோட்டையில் நான்கு சென்ட் செம்மண்ணிலும், சேரன்மகாதேவியில் ஆச்சி வீட்டுக் கொல்லையிலும் இந்த நான்கு வழிகளையும் வெவ்வேறு ஆண்டுகளில் நான் கடைப்பிடித்துப் பார்த்திருக்கிறேன். ஆச்சி இருந்தவரை பிறை பார்க்காமல் ஒரு முருங்கைப் போத்துகூட (நடுவதற்கு வெட்டிய கிளை) ஊன்றப்பட்டதில்லை. "தேய்பிறையில ஊணாதல, பட்டுப் போகும்" என்று திண்ணையிலிருந்தே தடுத்துவிடுவாள். ஆகவே இதை எழுதுவது ஆச்சியோடு வாதாடுவது போலவும் இருக்கிறது.

எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், ஒரு முறை நமக்கு மாதத்தில் எத்தனை நாள்களை மிச்சம் வைக்கிறது என்பது. பலர் இதைக் கணக்கிடுவதே இல்லை. இரண்டாவது, அந்த நாள்கள் மண்ணின் ஈரத்தோடும் காற்றோடும் ஒத்துப்போகின்றனவா என்பது. மூன்றாவது, தேதி தவறினால் நேரும் இழப்பின் அளவு: முருங்கையைக் கவாத்து செய்வது, அதாவது கிளை கழிப்பது, ஒரு வாரம் தள்ளிப்போனால் ஒன்றும் கெட்டுவிடாது, ஆனால் ஊறவைத்த பாகல் விதை இரண்டு நாள் காத்திருக்காது. நான்காவது, நேரம், வேலைக்குப் போகிறவருக்கு ஞாயிற்றுக்கிழமைதான் தோட்டம். ஐந்தாவதாக வீட்டு இணக்கத்தையும் சேர்த்துக்கொள்கிறேன். மாமியார் விலக்கிய நாளில் மருமகள் நட்ட செடி வாடினால், அந்தச் செடி வீட்டில் ஓராண்டுக்குப் பேசப்படும்.

நெல்லைச் சீமையின் நடுக்கோடை

தோட்ட நூல்களில் நடுக்கோடை என்பது ஜூன் 21-ஐ ஒட்டிய நாள்கள். வடக்கே, பகல் பதினாறு மணி நேரத்துக்கு நீளும் நாடுகளில் அதற்குப் பொருளுண்டு. திருநெல்வேலி ஏறக்குறைய 8.7 பாகை வட அட்சத்தில் இருப்பதால், ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே சுமார் ஒரு மணி நேரமே வேறுபாடு. சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருவது சித்திரைப் பிறப்பை ஒட்டியும், பின்னர் ஆவணியின் நடுவிலும்தான். ஆனியில் அது நமக்கு வடக்கே நிற்கிறது. கத்திரி வெயிலும் வைகாசியோடு முடிந்துவிட்டிருக்கும். எனவே ஆனி, ஆடியில் நம் செடிகளை முதலில் சோதிப்பது காற்றுதான்.

தென்மேற்குப் பருவமழை மேற்கு மலைச் சரிவில் கொட்டித் தீர்த்துவிட்டு, குற்றாலம், தென்காசிப் பக்கம் சாரலாகச் சிதறி, பாளையங்கோட்டைக்கு வரும்போது பெரும்பாலும் வெறும் காற்றாகிவிடுகிறது. அந்தக் காற்று மேல்மண்ணை ஒரே பகலில் உலர்த்திவிடும். காலையில் நீர் விட்ட பாத்தியில் மாலை நான்கு மணிக்கு விரலை விட்டால் முதல் கணு வரை தூளாக உதிரும்; இரண்டாவது கணுவில்தான் குளிர்ச்சி தட்டும். வெண்டை விதை கிடப்பதோ அந்த முதல் கணு ஆழத்தில்.

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற பழமொழியையும் இங்கே இடம் பார்த்தே கொள்ள வேண்டும். கடையம், அம்பாசமுத்திரம், களக்காடு போன்ற மலையடிவாரங்களில் சாரலும், தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்தில் கார் பருவ நெல்லுக்குத் திறக்கும் தண்ணீரும் ஆடிப்பட்டத்துக்குக் கைகொடுக்கின்றன. அந்தக் கால்வாய்களான பாளையங்காலிலோ கன்னடியன் காலிலோ தண்ணீர் ஓடத் தொடங்கினால் அக்கம்பக்கத்துக் கிணறுகளும் ஊறும். மானூர்ப் பக்கத்துக் கரிசல் மானாவாரிக்கு வடகிழக்குப் பருவமழையே கதி. அங்கே பட்டம் புரட்டாசிதான்.

முதல் வழி: வளர்பிறையும் தேய்பிறையும்

விதி எளிது. மண்ணுக்கு மேல் காய்ப்பவற்றை வளர்பிறையில் விதைக்க வேண்டும். கிழங்கு நடுதல், களையெடுத்தல், கவாத்து, மரம் வெட்டுதல் ஆகியவற்றைத் தேய்பிறையில் செய்ய வேண்டும். பல வீடுகளில் அமாவாசையன்று மண்ணையே கிளற மாட்டார்கள். வானத்தை நிமிர்ந்து பார்த்தாலே தெரிந்துவிடும் என்பதும், மாதத்தில் பாதி நாள்கள் விதைப்புக்குக் கிடைக்கின்றன என்பதும் இதன் வசதிகள். நான்கு வழிகளில் நிலவை நம்பும் மூன்றில் இதுவே தாராளமானது.

நிலவொளி பயிரை வளர்க்கிறது என்ற காரணம் மட்டும் நிற்காது. முழு நிலவின் வெளிச்சம் சூரிய வெளிச்சத்தில் சுமார் நான்கு லட்சத்தில் ஒரு பங்கு. அதைக் கொண்டு ஓர் இலை உணவு சமைக்க முடியாது. கடலை ஏற்றி இறக்கும் ஈர்ப்பு மண்ணின் ஈரத்தையும் மேலே இழுக்கும் என்பார்கள். கடல் பொங்குவது அது பூமியின் அகலத்துக்குப் பரந்து கிடப்பதால். ஒரு முழ ஆழப் பாத்தியில் அந்த இழுவிசையின் வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதன்று. பிறை பார்த்து விதைத்தால் விளைச்சல் கூடும் என்பதற்கு நம்பத்தக்க ஆய்வுச் சான்று இதுவரை அமையவில்லை.

ஆனால் மறைந்திருக்கும் செலவு வேறிடத்தில் இருக்கிறது. பிறை ஆண்டுக்கு 11 நாள் முன்னே நகர்ந்து, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சுமார் 19 நாள் பின்னே தாவும். ஆடி அமாவாசை 2025-இல் ஜூலை 24, 2026-இல் ஆகஸ்ட் 12. ஆகவே 2025-இல் ஆடி வளர்பிறை ஏறக்குறைய ஆடி 9 முதல் 24 வரை. 2026-இல் அது ஆடி 13-ஆம் தேதி வாக்கில் முடிந்து, மாதத்தின் மிச்சத்தில் பெரும்பகுதி தேய்பிறையாகிவிடுகிறது. சாரலும் கால்வாய்த் தண்ணீரும் இந்தத் தாவலுக்கு ஏற்ப நகர்வதில்லை. பிறையை மட்டுமே நம்புகிறவர் ஓராண்டில் பட்டத்தின் நடுவிலும், மறு ஆண்டில் அதன் ஓரத்திலும் விதைக்க நேர்கிறது.

நானே இதில் இழந்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஆனிக் கடைசியில் மலையைத் தாண்டி வந்த தூறல் பாளையங்கோட்டையை இரண்டு நாள் நனைத்தது. மண்ணைப் பிடித்தால் உருண்டை நிற்கும் பதம், ஆனால் தேய்பிறை. வெண்டையையும் புடலையையும் கையில் வைத்துக்கொண்டு பத்து நாள் காத்திருந்தேன். மூன்றாம் பிறை கண்ணில் பட்டபோது பாத்தி ஓடு தட்டியிருந்தது. பூவாளியால் இரு வேளை ஊற்றியும், மேலோட்டைப் பிளக்க முடியாமல் வெண்டை முளைகள் கழுத்து வளைந்து உள்ளேயே கிடந்ததை ஒரு குச்சியால் கீறிப் பார்த்தபோதுதான் தெரிந்துகொண்டேன். முதல் நாளே ஊன்றியிருந்த பக்கத்து வீட்டு மதினியின் பாத்தியில் அதற்குள் மூன்றிலை வந்துவிட்டது.

சொந்தக் கிணறோ ஆழ்துளைக் குழாயோ இருந்து, எந்த நாளிலும் ஈரத்தை நாமே உண்டாக்க முடியுமானால் பிறை முறையால் நட்டமில்லை. வேலைகளை எப்போதும் தள்ளிப்போடுகிறவருக்கு அது நல்ல கால அட்டவணையும்கூட.

இரண்டாம் வழி: மேல்நோக்கு, கீழ்நோக்கு, சமநோக்கு

இது பிறையைச் சார்ந்ததன்று. சந்திரன் நிற்கும் நட்சத்திரத்தைச் சார்ந்தது. இருபத்தேழு நட்சத்திரங்களும் ஒன்பது ஒன்பதாகப் பிரிகின்றன. ரோகிணி, திருவாதிரை, பூசம், உத்திரம், உத்திராடம், திருவோணம், அவிட்டம், சதயம், உத்திரட்டாதி ஆகியவை மேல்நோக்கு. நெடிது வளரும் பயிருக்கும் மரத்துக்கும் உகந்தவை என்பது வழக்கு. பரணி, கார்த்திகை, ஆயில்யம், மகம், பூரம், விசாகம், மூலம், பூராடம், பூரட்டாதி ஆகியவை கீழ்நோக்கு. கிழங்கு நடவும் கிணறு தோண்டவும் உரியவை. மற்ற ஒன்பதும் சமநோக்கு. உழவு, பாத்தி கட்டுதல், தரையில் படரும் கொடிகள் ஆகியவற்றுக்கு. தினசரித் தாளில் தேதிக்குக் கீழேயே அச்சாகியிருப்பதால் சோதிடரைத் தேடிப் போக வேண்டியதில்லை.

தனியாகப் பார்த்தால் இந்த முறை பிறையைவிட நெகிழ்வானது. பிறை முறையில் ஒருவர் இரண்டு வாரம் கை கட்டியிருக்க வேண்டும். இங்கே பெரும்பாலும் ஒரு சில நாள்களுக்குள் உரிய நோக்கு வந்துவிடும். சாரல் தொடரும் இரண்டு மூன்று நாள் மண் ஈரமாகவே இருக்கும் என்பதால் சில சமயம் இரண்டும் பொருந்திவிடுவதுண்டு.

சிக்கல், இதை யாரும் தனியாகப் பார்க்காததுதான். வளர்பிறையின் பதினைந்து நாளில் மூன்றில் ஒரு பங்கான ஐந்து நாள் மேல்நோக்கு என்று கொள்வோம். அதில் அட்டமி, நவமியைக் கழித்து, கரிநாளையும் கழித்தால் மூன்றோ நான்கோ மிஞ்சும். அவற்றில் ஒன்று ஞாயிற்றுக்கிழமையாக இருக்க வேண்டும், அன்று ராகு காலமும் எமகண்டமும் விலக வேண்டும், மண் நனைந்திருக்க வேண்டும், காற்று தணிந்திருக்க வேண்டும். வடிகட்டிக்கு மேல் வடிகட்டி வைத்தால் கடைசியில் சொட்டுகூட இறங்காது. ஒரு விதியைக் கடைப்பிடிப்பது மரபு. எல்லா விதிகளையும் ஒன்றாகக் கட்டுவது நம் காலத்துக் காலண்டர் தாளின் வேலை என்றே நினைக்கிறேன். ஆச்சி பிறையோடு நிறுத்திக்கொண்டாள்.

மூன்றாம் வழி: ஐரோப்பிய நிலாக் காலண்டர்

1924-இல் ருடால்ஃப் ஸ்டைனர் என்ற ஆஸ்திரியத் தத்துவவாதி அன்றைய ஜெர்மனியின் கோபர்விட்ஸில் ஆற்றிய சொற்பொழிவுகளிலிருந்து உயிராற்றல் வேளாண்மை (பயோடைனமிக்) பிறந்தது. பின்னர் மரியா துன் என்ற ஜெர்மானியப் பெண்மணி முள்ளங்கி விதைத்து நடத்திய சோதனைகளை வைத்து, சந்திரன் நிற்கும் ராசிக்கு ஏற்ப வேர் நாள், இலை நாள், பூ நாள், கனி நாள் என்று காலண்டர் வகுத்தார். ஜெர்மனியிலேயே ஸ்பீஸ் என்ற ஆய்வாளர் பின்னால் செய்த சோதனைகளில் அந்த ராசிவழி விளைவு உறுதிப்படவில்லை.

நமக்கு இதில் நடைமுறைச் சங்கடங்கள் உண்டு. நம் பஞ்சாங்கம் வான்வட்டத்தை 27 சமக் கூறுகளாக்குகிறது. அந்தக் காலண்டரோ விண்மீன் கூட்டங்களின் ஏற்றத்தாழ்வான அகலத்தைக் கொள்கிறது. ஆகவே வீட்டுச் சுவரில் கீழ்நோக்கு என்றிருக்கும் நாள் கைபேசியில் கனி நாள் என்று வரலாம். நேரங்கள் ஐரோப்பியக் கணக்கில் இருந்தால் நம் நேரத்துக்கு மாற்ற வேண்டும். நடுக்கோடைக்கு அது சொல்லும் வேலைகள் பட்டாணிக்கும் கோசுக்கும் உரியவை. குறிப்பேடு எழுதிப் பழகியவருக்கு வேர், இலை, பூ, கனி என்ற பகுப்பு பயிர்களை மாற்றிச் சுழற்ற உதவும். அதற்கு மேல் ஆனி, ஆடியில் நெல்லைக்கு இதனால் ஆவது குறைவு.

நான்காம் வழி: ஈரமும் காற்றும் பட்டமும்

நிலவைப் பாராமல், விரல் ஆழத்தில் மண் உருண்டை பிடிக்கிறதா, அடுத்த சில நாள்களுக்குத் தண்ணீருக்கு வழி இருக்கிறதா, நாற்றைக் காற்றிலிருந்து காக்கத் தட்டி உண்டா என்று மட்டும் கேட்கும் வழி இது. வெண்டை ஐந்தாறு நாளிலும், கத்தரி ஒரு வாரம் முதல் பத்து நாளிலும் முளைக்கும். மிளகாய் இன்னும் சில நாள் எடுத்துக்கொள்ளும். அந்த நாள்களில் மேல்மண் ஒருமுறைகூடக் காயாமல் இருப்பதே முளைப்பைத் தீர்மானிக்கிறது. அந்தப் பொறுப்பை எந்தப் பிறையும் ஏற்காது.

இதற்கும் மறைமுகச் செலவு உண்டு. ஈரம் முன்னறிவித்து வருவதில்லை. விதை, தொழு உரம், தட்டி எல்லாம் ஆனி முதல் வாரத்திலேயே ஆயத்தமாக இருக்க வேண்டும். தூறல் புதன்கிழமை வந்தால் விடியற்காலையில் எழுந்து ஊன்றிவிட்டு அலுவலகம் போக வேண்டும். மேற்குப் பக்கம் பனையோலைத் தட்டியோ பழைய சாக்கோ கட்டாவிட்டால் புடலையின் முதல் இலைகளைக் காற்று கிழித்துவிடும். மூடாக்குக்குச் சருகு சேர்க்க வேண்டும். அதைக் காற்று அள்ளிப் போகாமல் மட்டையோ கல்லோ வைக்க வேண்டும். இவ்வளவு கவனம் கொடுக்க முடியாதவர் பிறை முறைக்குத் திரும்புவதில் வியப்பில்லை. காலண்டர் நம்மிடம் கேட்பது பொறுமையை மட்டுமே.

ஒரே பார்வையில்

| அளவுகோல் | பிறை | நோக்கு நாள் | ஐரோப்பியக் காலண்டர் | ஈரம், பட்டம் |
|---|---|---|---|---|
| விதைப்புக்குக் கிடைக்கும் நாள்கள் | மாதத்தில் பாதி | மூன்றில் ஒரு பங்கு. பிறையோடு சேர்த்தால் மூன்று நான்கு | பயிருக்கு ஏற்ப அவ்வப்போது இரண்டு மூன்று நாள் | சாரலையும் தண்ணீரையும் பொறுத்தது |
| மண்ணோடு பொருத்தம் | ஆண்டுக்கு ஆண்டு மாறும் | தற்செயல் | தற்செயல் | நேரடி |
| மறைந்திருக்கும் செலவு | நனைந்த நாள்கள் வீணாகலாம் | விதிகள் பெருகும் | நேரக் கணக்கு, அந்நியப் பயிர்கள் | முன்னேற்பாடு, விடியற்கால வேலை |
| யாருக்கு | கிணறு உள்ளவர், ஒழுங்கு தேடுபவர் | பெரியவர்களோடு சேர்ந்து செய்பவர் | குறிப்பேடு வைப்பவர் | கால்வாய், சாரல், லாரித் தண்ணீரை நம்புபவர் |

வேலைக்கு வேலை என் தேர்வு

கத்தரி, மிளகாய் நாற்றங்காலைத் தொட்டியிலோ தட்டிலோ விடுகிறவர் விரும்பிய பிறையில் விதைக்கட்டும். ஈரம் அவர் கையில் இருக்கிறது. கத்தரி நாற்றுக்கு 30 முதல் 35 நாள் ஆகும் என்பதால், பிறந்த பிறையில் விதைத்தால் அடுத்த வளர்பிறையில் பிடுங்கி நடலாம். இந்தக் கணக்கு இயல்பாகவே அமைகிறது. நேரடியாக ஊன்றும் வெண்டை, அவரை, பீர்க்கு, பூசணி ஆகியவற்றுக்கு மட்டும் பிறையை விட்டுவிட்டு ஈரத்தைப் பிடிக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

கவாத்து, எருக்குழி கிளறுதல், விதையைச் சாம்பலில் புரட்டிக் காயவைத்தல் போன்றவை எந்த நாளிலும் செய்யத்தக்கவை. இவற்றைத் தேய்பிறைக்கு ஒதுக்கினால் வீட்டில் அமைதியும் நிலைக்கும், வேலையும் நடக்கும். முருங்கையை மட்டும் காற்று முற்றுவதற்கு முன்னரே ஆனியில் கழித்துவிட வேண்டும். பிறைக்காகத் தள்ளினால் ஆடிக் காற்று தானே கவாத்து செய்யும், பட்டையோடு கிழித்து. பந்தல் மூங்கிலைத் தேய்பிறையில் வெட்டினால் உளுத்துப் போகாது என்பார்கள். வெட்டியதைச் சில வாரம் நீரில் ஊறப்போட்டு மாச்சத்தைக் கரைப்பது அதைவிட உறுதியான காப்பு.

பிறை உண்மையிலேயே வேலை செய்யும் இடம் ஒன்றுண்டு. அந்துப்பூச்சிகளுக்கு விளக்குப்பொறி வைப்பவர் பௌர்ணமியை ஒட்டி வைத்தால் வரவு குறையும். நிலவு வெளிச்சத்தில் விளக்கு எடுபடாது. அமாவாசையை ஒட்டிய இருண்ட இரவுகளில் ஒரு பல்பும், அதன் கீழே மண்ணெண்ணெய் சொட்டிய நீர்ச் சட்டியும் போதும். இங்கே மட்டும் நான் காலண்டரைப் பார்த்தே தேதி குறிக்கிறேன்.

முருங்கைப் போத்தைப் பொறுத்தவரை ஆச்சி போன பிறகு ஒருமுறை தேய்பிறையில் நான்கு ஊன்றிப் பார்த்தேன். மணிக்கட்டுப் பருமனில், ஒரு மீட்டருக்குக் குறையாமல் வெட்டி, நுனியில் சாணி அப்பி வைத்ததில் மூன்று துளிர்த்தன. நான்காவதைப் பிடுங்கிப் பார்த்தபோது அடி கறுத்துக் கொழகொழத்திருந்தது. அது மடைவாயில், தண்ணீர் தேங்கும் இடத்தில் நின்ற போத்து. ஆச்சி இருந்திருந்தால் பிறையைத்தான் குற்றம் சொல்லியிருப்பாள், மீதி மூன்றைப் பற்றிப் பேச்சே எடுத்திருக்க மாட்டாள்.

கடைசியாகச் சிறுகிழங்கு. தைப்பொங்கலுக்கு அது இல்லாமல் நெல்லையில் வீடு நிறையாது என்பதால், பின்னோக்கி ஐந்து மாதம் எண்ணினால் நடவு ஆடியில் விழுகிறது. கிழங்கு என்பதால் தேய்பிறையும் கீழ்நோக்கும் வேண்டும் என்று ஒரு கட்சி. நடுவது கிழங்கை அன்று, நாற்றங்காலில் படர்ந்த கொடித்தலையை, ஆகவே வளர்பிறை என்று மறு கட்சி. எங்கள் வீட்டில் இந்த வழக்கு இன்னும் தீரவில்லை. கிள்ளிய தலை வெயிலில் அரை நாள் கிடந்தால் துவண்டுவிடும் என்பதால், மாலை நான்கு மணிக்கு மேல் காற்று தணிந்ததும் கிள்ளி, கடகப்பெட்டியில் ஈரச் சாக்கு போர்த்தி எடுத்துப் போய், இருட்டுவதற்குள் நட்டு முடித்துவிடுகிறோம். அன்றைக்கு என்ன பிறை என்று மறுநாள் காலையில்தான் யாராவது காலண்டரைப் பார்ப்பார்கள்.